ஆறடி தள்ளி

ஜூன் 2

வாலுக்கு,

நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் வெட்டினாய். கடிதத்தை வெட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழிக்கலாம்தான். ஆனால் கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது யாரும் படித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி இது: நகரத்துப் பல்கலைக்கழகமோ, நம் ஊர்ப் பல்கலைக்கழகமோ, ஜூன் இருபத்தைந்துக்குள் உன் சம்மதக் கடிதம் போய்ச் சேர வேண்டும். என் மேல் உள்ள கோபத்தில் தேதியை விட்டுவிடாதே.

மற்றதை நிதானமாகப் படி. நீ கிளம்பிப் போனதைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கருத்து. உன் அண்ணன், "ரெண்டு நாள்ல பசிச்சா வந்துருவா" என்கிறார். உன் அப்பா, "பசிக்கெல்லாம் அவ வரமாட்டா, ரோஷக்காரி" என்கிறார். எனக்குக் கருத்து எதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் மேல் நான் வைத்திருந்த உறையை நீ பிரித்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். பிரித்தாய். நீ விண்ணப்பித்த அதே எக்ஸ்ரே பட்டப்படிப்பில், நம் ஊரில், எனக்கும் இடம் கிடைத்திருப்பதைப் பார்த்தாய். "எனக்குக் காவலுக்கு வர்றீங்களா அண்ணி?" என்று கேட்டாய். பதிலை வாங்கிக்கொள்ளாமல் நகரத்தில் இருக்கும் உன் தோழியின் விடுதிக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

உன் அப்பாவுக்குச் சர்க்கரை ஊசி காலை ஏழு, மாலை ஏழு. கண் மங்கியதிலிருந்து சிரிஞ்சில் உள்ள கோடு அவருக்குத் தெரிவதில்லை. நீ இருந்தவரை ஆளுக்கொரு வேளை என்று முறை வைத்துக்கொண்டோம். இப்போது இரண்டு வேளையும் நான்தான். உன் அண்ணன் பணிமனையில் நூறு பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புகிற மனிதர். ஊசியைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் என் மேசை இழுப்பறையில் இருந்த இடது ஈயத் துண்டைக் காணவில்லை. படத்தின் ஓரத்தில் இது இடப்பக்கம் என்று சொல்ல நான் ஒட்டுவேனே, முதுகில் என் எழுத்தைக் கீறி வைத்த துண்டு. வலது இருக்கிறது. எலும்பு டாக்டர் நேற்று, "என்னம்மா, உங்களுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சா?" என்றார். உனக்கு ஏதாவது தெரியுமா?

அண்ணி

*

ஜூன் 6

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. முழுவதும் படித்தேன். படித்த பிறகும் கோபம் போகவில்லை, ஆகவே கடிதத்தின் மேல் குற்றம் இல்லை.

துண்டு என்னிடம்தான் இருக்கிறது. பையில் தெரியாமல் விழுந்துவிட்டது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம்.

என் கோபத்தை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் என் பள்ளிக்கூட வாசலில் நின்றீர்கள், சரி. பத்தாம் வகுப்பில் என் டியூஷன் வாசலில் நின்றீர்கள், அதுவும் போகட்டும். முப்பத்தொன்பது வயதில் என் வகுப்புக்குள்ளேயே வந்து உட்காருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினான்கு பேர் உள்ள வகுப்பு அது. அதில் ஒருத்தி என் அண்ணி. நான் கொட்டாவி விட்டால் அன்று சாயங்காலம் வீட்டில் செய்தி.

இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அது எவ்வளவு சௌகரியம் தெரியுமா? வகுப்பு ஒரு சினிமா கொட்டகை அளவு. புதிதாக வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று இந்த மாதம் எல்லா வகுப்பையும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பில் தொண்ணூறு பேர். ஆசிரியர் ஒலிபெருக்கியில் பேசுகிறார், நாம் தூங்கினாலும் அவருக்குத் தெரியாது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மூன்று எந்திரங்கள். நம் ஆஸ்பத்திரியில் இருப்பதற்கு அதெல்லாம் பேரன் மாதிரி இருக்கிறது.

தோழியின் அறையில் உங்கள் கதை சொன்னேன். தபால்காரரை நெஞ்சுப் படத்துக்கு நிறுத்தி, "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்று சொல்லிவிட்டு, "விடுங்க" சொல்ல மறந்துபோய் நீங்கள் ரிஜிஸ்டர் எழுத உட்கார்ந்த கதை. அவர் தக்காளி மாதிரி சிவந்து நின்றதை நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, "உங்க அண்ணி ரொம்ப நாளா இந்த வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டாள். பத்தொன்பது வருஷம் என்றேன். "அப்புறம் எதுக்கு இப்ப படிக்கணும்?" என்றாள். காவலுக்கு என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

வால்

*

ஜூன் 9

வாலுக்கு,

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீ கேட்டிருந்தால் உன்னிடமே சொல்லியிருப்பேன்.

முதலாவது, ஆஸ்பத்திரியில் உத்தரவு வந்திருக்கிறது. நான்கு வருஷத்துக்குப் பிறகு எக்ஸ்ரே அறைக்குப் பொறுப்பாக இருப்பவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு வருஷச் சான்றிதழ். பட்டம் இல்லாவிட்டால் என் அறையிலேயே நான் இன்னொருவருக்கு உதவியாள். படிக்கப் போகிறவர்களுக்கு மூன்று வருஷ விடுப்பும் தருகிறார்கள்.

இரண்டாவது, சொன்னால் சிரிப்பாய். நெஞ்சுப் படம் எடுக்கும்போது கதிர் வருகிற டியூபை ஆறடி தள்ளி வைக்கிறோம். கை கால் என்றால் கிட்டே வைக்கலாம், நெஞ்சுக்கு மட்டும் ஆறடி. சேர்ந்த முதல் நாள், "ஏன் ஆறடி?" என்று கேட்டேன். "அப்படித்தான்" என்றார்கள். பிறகு என்னிடம் வேலை பழக வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். நானும் அப்படித்தான் என்றேன். ஆறடி என்றாலே நோயாளிகளுக்கு வேறு ஞாபகம் வருகிறது, அதனால் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதுகூட இல்லை. தரையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன். பத்தொன்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு அந்த டேப்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். சமையலில் உப்பு எவ்வளவு என்று கைக்குத் தெரியும், வாயால் கேட்டால் சொல்லத் தெரியாது இல்லையா, அந்த மாதிரி. எனக்கு ஒரு தடவையாவது வாயால் சொல்ல வேண்டும்.

காவலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை.

நம் ஊர் விரிவுரையாளர் வந்திருந்தார். மழை இல்லாத நாளிலும் குடை வைத்திருப்பாரே, அவர்தான். என்னிடம் ஆறு மாதம் வேலை பழகியவர். "அக்கா, நீங்க முதல் பெஞ்சுல உக்காந்தா நான் எப்படிப் பாடம் எடுப்பேன்?" என்று நெளிந்தார். கடைசி பெஞ்சில் உட்காருகிறேன் என்றேன். "இன்னொரு சிக்கல் இருக்கு. செய்முறைக்குப் பிள்ளைங்கள உங்ககிட்டதான் அனுப்புவோம். நீங்க உங்ககிட்டயே எப்படி வருவீங்க?" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

நீ நகரத்துக்கே சம்மதம் எழுதிக் கொடு. நான் இங்கே இருந்துகொள்கிறேன். உன் கொட்டாவியை நான் பார்க்க மாட்டேன்.

அண்ணி

*

ஜூன் 13

அண்ணிக்கு,

நேற்று இங்குள்ள பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "இதே முகவரியில இன்னொருத்தர் இருக்காங்களே, அம்மாவா?" என்றார். பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அறுபத்தொன்றாவது பெயர் உங்களுடையது. எனக்கு எண்பத்திரண்டு.

இரண்டு இடத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறீர்கள். இரண்டும் கிடைத்திருக்கின்றன. ஃபிரிட்ஜ் மேல் ஒரு உறைதான் இருந்தது. இன்னொன்று எங்கே? அரிசி டப்பாவிலா?

திட்டவில்லை. கேட்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம் எழுத வேண்டும். இங்கே இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பையனிடம், இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். "எடுக்கிறத எத்தனை தடவ பாத்திருக்கேன்னு கேளுங்க" என்றான். முந்நூறு பேருக்கு மூன்று எந்திரம். மூன்றாம் வருஷத்தில்தான் நோயாளியைத் தொடவே விடுவார்களாம். நம் ஊரில் முதல் வருஷமே கை வைக்கலாம். அவன் படிப்பில் கெட்டிக்காரன். எலும்பின் பெயரெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவன் கையைப் பார்த்தேன். ஒரு கிழவரைத் திருப்பி நிறுத்தத் தெரியாத கை.

மற்றது, உங்கள் ஆறடி. அந்தப் பெரிய கொட்டகையில் அதையே ஒருவர் பாடமாக எடுத்தார். பலகை முழுக்கக் கோடும் கணக்கும். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. சுற்றிலும் தொண்ணூறு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு காரியம் நினைத்துக்கொண்டிருந்தேன்: இந்த ஆளை இந்தக் கொட்டகையில் எழுந்து நின்று கேள்வி கேட்கக் கூடியவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் இப்போது அப்பாவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார்.

பதிலை எழுதி அனுப்பமாட்டேன். நீங்களே வந்து கேட்டுக்கொள்ளுங்கள். நான் அங்கே வருகிறேன்.

வால்

*

ஜூன் 16

வாலுக்கு,

இரண்டாவது உறை அரிசி டப்பாவில் இல்லை. ஈய அங்கி மாட்டுகிற ஆணியில், அங்கிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு விண்ணப்பம் எழுதுகிறவளுக்கு இரண்டாவது எழுதுவது கஷ்டமில்லை. கிடைக்காது என்று நினைத்து எழுதினேன். கிடைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே வைத்தேன்.

நீ சொல்வது நடக்காது. வீட்டில் ஏழுக்கும் ஏழுக்கும் ஒரு ஆள் வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு, அண்ணிக்காரி பட்டணத்துக்குப் படிக்கப் போனாள் என்ற பேச்சை என்னால் காலத்துக்கும் சுமக்க முடியாது. ஊர் பேசுவது போகட்டும். நீயே ஒரு நாள் பேசுவாய்.

தியாகம் செய்தவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் சித்தி ஒருத்தி தன் தம்பிக்காக வேலையை விட்டவள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தால் நல்ல நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு, ஆடுகிற நாற்காலியில் தான் உட்காருவாள். முப்பது வருஷம் அந்த நாற்காலி ஆடியது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை, அவள் விடவில்லை. நம் வீட்டில் அந்த மாதிரி ஒரு நாற்காலி வேண்டாம்.

உன் அப்பாவிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அனுப்பிவைக்கப் பாக்குறீங்களா, இல்ல தொரத்தப் பாக்குறீங்களா?" என்றார். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஊரை விட்டு ஓடியவள் நீ. பதினைந்தே நாளில் ஊர் எப்படி இனித்தது? உண்மையைச் சொல்.

அண்ணி

*

ஜூன் 20

அண்ணிக்கு,

உண்மையைச் சொல்கிறேன். நாற்காலிக் கதையை நீங்கள் வேறு யாருக்காவது சொல்லலாம்.

நான் ஊரை விட்டு ஓடவில்லை. உங்களை விட்டு ஓடினேன். பன்னிரண்டு வயதிலிருந்து உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து அந்த ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவள் நான். எனக்கு இந்த வேலை பிடித்தது அங்கேதான். ஆனால் அங்கே படம் விழுகிற பிளேட்டை நான் எடுத்து வைத்தால் உங்கள் கை வந்து அதை அரை அங்குலம் நகர்த்தும். ஒரு நோயாளியிடம் "திரும்புங்க" என்றால், "இன்னும் கொஞ்சம்" என்று உங்கள் குரல் வரும். நீங்கள் சொன்னது ஒவ்வொரு தடவையும் சரி. அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்கு அந்த அறை வேண்டும். நீங்கள் இல்லாமல் வேண்டும். அந்த டேப்பில் டியூபை நான் கொண்டுபோய் நிறுத்தும்போது பின்னால் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நகரத்தில் யாருக்கும் என்னைத் தெரியாதது சௌகரியம் என்று எழுதினேன். நீங்கள் அந்த அறையில் இல்லாவிட்டால் எனக்கு அந்தச் சௌகரியம் அங்கேயே கிடைக்கும், எந்திரமும் கிடைக்கும்.

இதற்குப் பெயர் தியாகமா? எனக்கு ஏதோ ஆக்கிரமிப்பு மாதிரி தெரிகிறது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் இவ்வளவு நாள் காவல், கத்திரிக்காய் என்று பேசினேன். துண்டை எடுத்துக்கொண்டு வந்ததும் அதனால்தான். அது கையில் இருந்தால் அறையே கையில் இருக்கிற மாதிரி இருந்தது.

நம் ஊருக்குச் சம்மதம் எழுதி இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். திரும்ப வாங்க முடியாது. நீங்கள் நகரத்துக்கு எழுதுவதும், ஆணியிலேயே தொங்கவிடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் பதினான்கு பேரில் நீங்கள் இருந்தால் உங்களோடு பேசமாட்டேன். இது மிரட்டல்தான்.

வால்

*

ஜூன் 23

வாலுக்கு,

வருத்தப்பட்டேன். ஒரு நாள். அரை அங்குலம் நகர்த்துகிறேன் என்பது எனக்கே தெரியாது. இன்று ஒரு கையைப் படமெடுக்கும்போது கவனித்துப் பார்த்தேன். நானே வைத்த பிளேட்டையும் அரை அங்குலம் நகர்த்துகிறேன்.

தபால்காரர் நேற்று உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை நின்று, "பதில் இருந்தா இப்பவே குடுங்க, நாளைக்கு நான் வரமாட்டேன்" என்றார். பதில் அவளுக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்கு, தேதி முடிய மூன்று நாள்தான் இருக்கிறது, இன்றே தபாலில் சேர்த்துவிடுங்கள் என்று நகரத்துக்குச் சம்மதத்தை எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே எழுதினேன். உட்கார்ந்திருந்தால் யோசித்திருப்பேன்.

உன் அண்ணனிடம் சொன்னபோது, "அப்ப யாரு ஊசி?" என்றார். உங்கள் தங்கை என்றேன். "அவ எப்ப வர்றா?" என்றார். துண்டோடு வருவாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அண்ணி

*

ஆகஸ்ட் 4

அண்ணிக்கு,

முகவரியில் உங்கள் பெயரும் விடுதி எண்ணும் எழுதும்போது கை நின்றது. ஜூன்வரை அந்த ஊரிலிருந்து எழுதியவள் நான்.

போனில் பேசலாமே என்று அண்ணன் கேட்கிறார். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே பதினான்கு இடத்தில் பதின்மூன்று பேர். குடைக்காரர் வகுப்பில் தலை எண்ணும்போதெல்லாம் என்னிடம், "அக்கா எப்படி இருக்காங்க?" என்கிறார். போன வாரம் ஆறடி ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான்" என்றார்.

பெரிய செய்தி: அண்ணன் ஊசி போடுகிறார். ஒரு நாள் எனக்கு வகுப்பு நீண்டுவிட்டது. வந்து பார்த்தால் மணி ஏழேகால், அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அண்ணன் கையில் சிரிஞ்சோடு, குத்த முடியாமல் வியர்த்துப்போய் நிற்கிறார். மறுநாள் ஒரு ஆரஞ்சுப் பழத்தில் பழக ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் இரண்டு டஜன் பழம். பிறகு அப்பாவே, "பழம் போதும், இந்தக் கை காலியாத்தான் இருக்கு" என்றார். இப்போது காலையும் மாலையும் அவர்தான். சுவரைப் பிடிப்பதில்லை. நேரம் தவறுவதே இல்லை, பணிமனைக்காரர் அல்லவா?

வால்

*

ஆகஸ்ட் 9

வாலுக்கு,

இரண்டு டஜன் ஆரஞ்சு. ஒரு வாரம். பத்தொன்பது வருஷமாக நம் வீட்டில் யாரும் அவருக்கு ஒரு ஆரஞ்சு வாங்கித் தரவில்லை. நானும்தான்.

இங்கே என் அறையில் மூன்று பெண்கள். முதல் வாரம் ஆன்ட்டி என்றார்கள். இரண்டாவது வாரம், ஒருத்தி நழுவி விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது, எது எலும்பு, எது வெறும் வீக்கம் என்று தொட்டுச் சொன்னேன். அதிலிருந்து அக்கா. கணக்கு எனக்கு அவர்கள் சொல்லித்தருகிறார்கள். மெதுவாகத்தான் ஏறுகிறது.

ஆறடிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நீ சொன்ன ஆளைத்தான், எழுந்து நின்று கேட்டேன். தொண்ணூறு தலை திரும்பியது. விளக்குக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் சுவரில் நிழல் பூதம் மாதிரி விழும். விளக்கைத் தள்ளி வைத்தால் நிழல் சுருங்கிக் கையளவுக்கு வரும். கிட்டே வைத்து எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், வீக்கம் என்று டாக்டர் ஏமாந்துவிடுவார். ஆறடி தள்ளினால் கிட்டத்தட்ட அதன் சொந்த அளவு. இவ்வளவுதான். இத்தனை வருஷமும் சரியாகத்தான் எடுத்திருக்கிறேன். குடைக்காரரிடம் சொல்லிவிடு.

இப்போது முக்கியமான விஷயம். உன் அண்ணன் ஊசி போடுகிறார் என்றால், அங்கே உன்னை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. நான் அலுவலகத்தில் விசாரித்தேன். இங்கே இரண்டு பேர் விலகியிருக்கிறார்கள். ஆகஸ்ட் முப்பத்தொன்றுவரை மாற்றல் வாங்கிக்கொண்டு வரலாம். ஜூனில் நீ எழுதியதை நான் நம்பினேன். முழுவதும் நம்பினேனா என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. வீட்டுக்காக ஒரு சொட்டு அதில் கலந்திருந்தாலும் இப்போது வந்துவிடலாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

எனக்குப் புதிய ஈயத் துண்டு ஜோடி கொடுத்திருக்கிறார்கள். முதுகில் 61 என்று எண். பழைய வலது என் இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

அண்ணி

*

செப்டம்பர் 3

அண்ணிக்கு,

படிவத்தை இன்று காலை வேறு எதையோ தேடும்போது பார்த்தேன். தேதி முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. யோசித்து முடிவெடுத்தேன், மனதைத் திடப்படுத்திக்கொண்டேன் என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். மறந்துவிட்டேன். ஜூனில் தேதியை விட்டுவிடாதே என்று முதல் வரியிலேயே எழுதினீர்கள், அப்போது விடவில்லை. இப்போது விட்டுவிட்டேன். மீதிப் பத்துப் பங்குக்கு இது போதுமா?

மறந்ததற்குக் காரணம் இருக்கிறது. முப்பதாம் தேதி முதல் தடவையாக என்னைத் தனியாக ஒரு நெஞ்சுப் படம் எடுக்கவிட்டார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டெக்னீஷியன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர், நல்ல மனிதர்.

வந்தது யார் தெரியுமா? தபால்காரர். வருஷாந்தரப் பரிசோதனை. "போன தடவ உங்க அண்ணி என்ன மேல அனுப்பப் பாத்தாங்க. நீயாச்சும் பாத்து எடும்மா" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். பிளேட்டைப் பார்த்து நிறுத்தினேன். முகவாயை உயர்த்தச் சொன்னேன், தோளை முன்னால் தள்ளச் சொன்னேன். வலது துண்டு வலப்பக்கம், இடது இடப்பக்கம், இரண்டிலும் உங்கள் எழுத்து. டியூபைச் சிவப்பு டேப்புக்குக் கொண்டுபோனேன். டேப் தேய்ந்து பாதிதான் இருக்கிறது. புதிதாக ஒட்ட வேண்டும்.

பிளேட்டை அரை அங்குலம் நகர்த்தினேன். யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.

கண்ணாடிக்குப் பின்னால் போனேன். "மூச்ச நல்லா இழுங்க. அடக்குங்க" என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

படம் வந்தது. துண்டுகள் இரண்டும் நேராக விழுந்திருந்தன. விலா எலும்புகள் எண்ணிக்கொள்ளும்படி இருந்தன. இதயம் அதன் அளவில் இருந்தது. ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து, காற்றை உள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிற ஒரு குரல் வந்தது.

"அம்மாடி... விட்டுரட்டுமா?"

"விடுங்க" என்றேன்.

வால்